தோள் அசைந்தால் பொத்தான்

“ஒண்ணுமில்ல, விடு” என்று யாராவது சொன்னால் லைன் அக்காவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறும். திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வாள். திட்டுகிறவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் திட்டுவார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்வது எதுவானாலும் அவளுக்குப் பாதிக்கு மேல் புரிந்துவிடும். இந்த “ஒண்ணுமில்ல” இருக்கிறதே, அதைச் சொல்கிறவர்கள் ஏற்கெனவே பாதி திரும்பியிருப்பார்கள். முதல் தடவை “என்ன?” என்று கேட்டால் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்கள். இரண்டாம் தடவை கத்துவார்கள். மூன்றாம் தடவை கையை உதறிவிட்டு, “ஒண்ணுமில்ல, விடு.” அவ்வளவுதான். சொல்ல வந்தது ஒரு நல்ல சேதியா, குழாயில் தண்ணீர் நின்றுபோனதா, இனி ஒரு நாளும் தெரியப்போவதில்லை.

வீட்டில் மூன்று பேர். கணவர் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். பிள்ளைகளிடமிருந்து அமிலத்தையும் அமிலத்திடமிருந்து பிள்ளைகளையும் காப்பாற்றுவது வேலை. குரலை உயர்த்தத் தெரியாத மனுஷன். அந்தக் குரலுக்காகத்தான் அவரைக் கட்டிக்கொள்ளவே சம்மதித்தாள். எந்நேரமும் சத்தம் போட்டுக்கொண்டிருந்த அப்பாவோடு வளர்ந்தவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இருபத்து நான்கு வருஷம் கழித்து அதே குரல்தான் வில்லன். குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவார். செருப்பு மாட்டிக்கொண்டே தரையிடம் பேசுவார். மகள் கல்லூரியில் கடைசி வருஷம். அவள் வாயில் எப்போதும் எதையோ மென்றுகொண்டு, கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு, வார்த்தைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கொட்டுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் அக்கா தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிடுவாள்.

வேலையிடத்தில் அவள் வேறு ஆள். பானம் நிரப்பும் கம்பெனி. கழுவிய கண்ணாடி பாட்டில்கள் பெல்ட்டில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிரப்பும் மெஷினுக்குப் போகும். அங்கிருந்து மூடி மெஷின். பிறகு ஒரு வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் வரிசையாகக் கடந்து, லேபிள் ஒட்டிக்கொண்டு, பெட்டிக்குள் இறங்கும். விளக்குப் பலகைக்கு எதிரே உயரமான ஸ்டூலில் அக்கா. தூசி, கீறல், அளவு குறைச்சல் என்று எது கண்ணில் பட்டாலும் அந்தப் பாட்டிலை எடுத்துப் போடுவது அவள் வேலை. எட்டுப் பேர் கொண்ட அந்த லைனுக்குத் தலைமையும் அவள்தான். லைன் அக்கா என்ற பெயர் அப்படி வந்தது. அத்தனை கண்ணாடி முட்டிக்கொள்ளும் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் ஒன்றும் விழாது. அதனால் அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. கையால்தான்.

அந்தக் கைப்பேச்சை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மூடிய முஷ்டியை டப்பென்று விரித்தால் பாட்டில் வெடித்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு விரலைத் திருகினால் மூடி சரியாக உட்காரவில்லை. முழங்கையைத் தட்டினால் மேனேஜர் வருகிறார், ஒழுங்காக நில். காதுமடலை இழுத்தால் டீ வந்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்து முன்னால் ஒரு தாண்டு தாண்டினால் நாளைக்கு. நிரப்பும் மெஷின்காரனைச் சொல்ல மேலுதட்டை விரலால் ஒரு தடவு தடவினால் போதும். அவன் மீசை அப்படி, அவன் பெயரே மீசை என்று ஆகிவிட்டது. இந்தக் கைகளை வைத்துக்கொண்டே கிண்டல் செய்வார்கள், கோபித்துக்கொள்வார்கள். ஒருவர் வீட்டுச் சண்டை பெல்ட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு டீ வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்படி இருபத்து மூன்று வருஷம். காது எப்போது போக ஆரம்பித்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. குக்கர் விசில் முதலில் போனது. பிறகு மகளின் குரலில் பாதி. ஜனங்கள் நினைக்கிறார்கள், காது கேட்காதவர்களுக்கு உலகமே அமைதியாக இருக்கும் என்று. அதுதான் இல்லை. சத்தமெல்லாம் நன்றாகவே கேட்கும், வார்த்தைதான் கேட்காது. யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி வரும். கத்தினால் அந்தக் குழப்பமே பெரிதாகக் கேட்கும், அவ்வளவுதான். இதை யாருக்கு எப்படிப் புரியவைப்பது? ஆனால் லைனில் யாருக்குமே எதுவும் கேட்காது என்பதால், அவளுக்குக் கேட்கவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி வாசலுக்குக் காது டெஸ்ட் வண்டி வரும். அதற்குள் ஒரு சின்னக் கண்ணாடி அறை. உள்ளே உட்கார வைத்து, காதில் கேட்பானை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிடுவார்கள். “சின்னதா சத்தம் கேட்டாலும் அமுக்குங்க” என்று டெஸ்ட் எடுக்கும் பெண் சொல்லிவிட்டு வெளியே தன் மெஷினுக்கு முன்னால் உட்காருவாள். வண்டி வந்த முதல் வருஷம் லேபிள் மெஷின்காரர் அந்த டெஸ்டில் தேறவில்லை. உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்லி அவரைப் பின்பக்கம் காலிப் பெட்டி அடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே சத்தம் கிடையாது, சரி. ஆளும் கிடையாது. மனுஷன் பகல் முழுக்கப் பெட்டியோடு தனியாக நின்றார். எட்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டுப் போனார்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறு வருஷம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபோது அவள் கவனமெல்லாம் வெளியே இருந்த பெண்ணின் வலது தோளில் இருந்தது. ஒவ்வொரு சத்தத்தையும் அனுப்பும்போது அந்தத் தோள் இம்மியளவு அசையும். தோள் அசைந்தால் பொத்தான். அசையாவிட்டால் சும்மா இருப்பது. நடுவில் ஒன்றிரண்டை வேண்டுமென்றே விட்டுவிடுவாள், சந்தேகம் வரக்கூடாதே. ஆறு வருஷம் இப்படித் தேறினாள். ஆறு சான்றிதழும் அவள் காது இருபது வயசுப் பெண்ணின் காது என்று சொல்லின. இந்தச் சாமர்த்தியத்தை அவள் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

அப்புறம்தான் புது மேனேஜர் வந்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துக்கொண்டிருக்கலாம். லைனுக்கு வந்த முதல் நாளே காதைப் பொத்திக்கொண்டு, “எப்படிங்க இதுல நிக்கிறீங்க?” என்று கேட்டார். இரண்டு மாதத்தில் எல்லாருக்கும் ஹெட்செட் வாங்கிக் கொடுத்தார். காதை முழுசாக மூடும் இரண்டு கிண்ணம், உள்ளே சின்ன ஸ்பீக்கர், வாய்க்கு முன்னால் பஞ்சு சுற்றிய மைக். வெளிச்சத்தம் உள்ளே வராது, ஒருவர் பேசினால் எட்டுப் பேருக்கும் கேட்கும்.

“இனிமே கையை ஆட்டிக்கிட்டு நிக்க வேண்டாம்,” என்றார். “கையும் கண்ணும் மெஷின்ல இருக்கட்டும். மைக்ல பேசுங்க.”

எல்லாரும் தலையாட்டினார்கள். அக்காவும் ஆட்டினாள்.

முதல் நாள் அந்தக் கிண்ணங்களை மாட்டிக்கொண்டதும் அவளுக்கு உலகம் காணாமல் போனது. காதுக்குள் கரகரவென்று யாரோ பேசினார்கள். யார் என்றுகூடத் தெரியவில்லை. உதட்டைப் பார்க்கலாம் என்றால் உதட்டுக்கு முன்னால் பஞ்சு உருண்டை. கையைப் பார்க்கலாம் என்றால் கைகள் மெஷினில். இருபத்து மூன்று வருஷம் வளவளவென்று பேசிக்கொண்டிருந்த அத்தனை கைகளும் ஒரே நாளில் வாயை மூடிக்கொண்டன. அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. நல்லது செய்ய வந்தவனிடம் போய் என்னவென்று சண்டை போடுவது?

அதனால் அவள் வீட்டில் செய்வதையே இங்கேயும் செய்ய ஆரம்பித்தாள். காதுக்குள் கரகரப்பு வந்து நின்றதும் மைக் பொத்தானை அமுக்கி, “சரி.” மறுபடி கரகரப்பு, மறுபடி “சரி.” மூன்று வாரம் இது ஓடியது. லைன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததால், யார் என்ன சொன்னாலும் பெரிதாக ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் நிரப்பும் மெஷினுக்குள் ஒரு பாட்டில் வெடித்தது. அது எப்போதாவது நடப்பதுதான். வெடித்தால் மீசை மெஷினை நிறுத்திக் கழுவுவான். அதற்குள் தாண்டிப் போய்விட்ட பாட்டில்களில் இருபத்தைந்தை விளக்குப் பலகைக்கு முன்னால் அக்கா ஒன்றுவிடாமல் எடுத்துக் குப்பையில் போட வேண்டும். சிதறின துண்டு எந்தப் பாட்டிலின் வாயில் விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? முன்பெல்லாம் மீசையின் முஷ்டி டப்பென்று விரியும், அவள் கை தானாகவே போய்விடும். அன்றைக்கு முஷ்டி விரியவில்லை. மைக்கில் சொன்னான். அக்காவின் காதில் கரகரத்தது. “சரி” என்றாள். பெல்ட் கொஞ்ச நேரம் நின்று மறுபடி ஓடியது. மூடி ஏதோ மாட்டிக்கொண்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பெட்டிகளில் ஒன்றைப் பிரித்துப் பார்த்த பரிசோதனைக் கூடத்துக்காரர் ஒரு பாட்டிலின் அடியில் அரிசியளவு கண்ணாடித் துண்டு கிடப்பதைக் கண்டுபிடித்தார். அன்றைய சரக்கு அத்தனையும் வாசலிலேயே நிறுத்தப்பட்டது. வெளியே ஒன்றும் போகவில்லை. ஆனால் அந்தத் துண்டை வெள்ளைக் காகிதத்தில் வைத்து அவளிடம் காட்டியபோது அக்காவுக்கு மகள்தான் ஞாபகம் வந்தாள். அவள் தினமும் கல்லூரிக் கடையில் இதைத்தான் வாங்கிக் குடிக்கிறாள்.

மீசையை விசாரித்தார்கள். “நான் சொன்னேன். அக்கா சரின்னாங்க,” என்றான். பொய் இல்லை, சொல்லியிருந்தாள்தான்.

மறுநாள் அவள் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். கவனக்குறைவு, விளக்கம் தேவை, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேனேஜர் அறை. அதுவரை விளக்குப் பலகைக்குப் பதிலாகக் காலிப் பெட்டி அடுக்கும் இடம். அவள் அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று கடிதத்தை எட்டுத் தடவை படித்தாள். காது நன்றாகக் கேட்கும் என்றால் அவள் பொறுப்பில்லாதவள், லைன் போய்விடும். காது கேட்காது என்றால் அவள் ஆறு வருஷமாக ஏமாற்றியவள்; வேலையே போய்விடும். உண்மையைச் சொன்னாலும் மாட்டுவாள், சொல்லாவிட்டாலும் மாட்டுவாள். இவ்வளவு சாமர்த்தியமாக ஒருத்தி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள முடியுமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை வீட்டில் வெடித்தது. மகள் பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி ஏதோ சொன்னாள்.

“என்ன?”

மறுபடி ஏதோ.

“என்னடி? தண்ணிச் சத்தத்துல கேக்கல.”

மகள் திரும்பிப் பார்க்காமலே கையை உதறினாள். “ஒண்ணுமில்லம்மா, விடு.”

அக்காவின் கையில் இருந்த கரண்டி சுவரில் போய் மோதியது. அவள் எறிந்தாளா, கை தவறியதா என்று பிறகு அவளாலேயே சொல்ல முடியவில்லை. கணவர் சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார்.

“விடு விடு விடுன்னு எத்தனை வருஷம்டி விடறது? நீ சொன்னது ஒண்ணுமில்லாததா இருந்தா அதையும் நான் கேக்கணும்! எனக்குக் காது கேக்கல. புரியுதா? கேக்கல! ஆறு வருஷமா கேக்கல!”

பிறகு நிற்கவில்லை. டெஸ்ட் வண்டி, தோள், பொத்தான், ஹெட்செட், கண்ணாடித் துண்டு, கடிதம் எல்லாவற்றையும் கொட்டினாள். மகள் குழாயை மூடினாள். கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவர் முகம் முழுசாக அவளுக்குத் தெரிந்தது.

“நான் வேற மாதிரி நெனச்சுட்டேன்,” என்றார். “நான் பேசினா நீ பதில் சொல்றதே இல்ல. சரி, எம்மேல ஏதோ கோபம், பேசப் பிடிக்கல போலன்னு... நானும் பேசறதக் குறைச்சுக்கிட்டேன்.”

அவள் அவர் உதட்டிலிருந்து இதை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். இந்த மனுஷன் இத்தனை வருஷமாக அவள் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே சாப்பிட்டு, பக்கத்திலேயே படுத்து எழுந்திருக்கிறார். கேட்டிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தாள். ஒருவேளை கேட்டிருப்பாரோ என்று தோன்றியதும் மூடிக்கொண்டாள்.

“நாளைக்கு உண்மையச் சொல்லிடும்மா,” என்றாள் மகள், இந்தத் தடவை முன்னால் வந்து நின்று. “வேலை போனாப் போகட்டும்.”

“போகட்டும்னு நீ ஏண்டி சொல்றே? என் வேலை,” என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் அறையில் மூன்று பேர்: மேனேஜர், மீசை, அவள். மேனேஜர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வெளிச்சமெல்லாம் அவருக்குப் பின்னால் இருந்ததால் முகம் கறுப்பாகத் தெரிந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கோப்பைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

“சார், ஒரு நிமிஷம்,” என்றாள் அக்கா. “அந்தத் திரையை இழுத்து விடுங்க. என்னைப் பார்த்துப் பேசுங்க. உங்க முகம் தெரியலன்னா நீங்க சொல்றது எனக்குப் புரியாது.”

மேனேஜர் நிமிர்ந்தார். திரையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். “போன வருஷ டெஸ்ட். இதுக்கு மேல நல்ல காதே கிடையாது.”

“அது என் காது இல்ல சார். என் கண்ணு,” என்றாள். தோளைப் பற்றிச் சொன்னாள்.

அவர் முகம் மாறியதை இப்போது நன்றாகப் பார்க்க முடிந்தது. “ஆறு வருஷமா?” என்றார். “கண்ணாடித் துண்டு உள்ள போய் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா? உங்களை நம்பி எப்படிங்க லைனைக் குடுக்கறது?”

அவர் கேட்டது நியாயம்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. மேனேஜர் கோப்பை மூடிவிட்டு, கீழே குனிந்து மேஜை டிராயரைத் திறந்துகொண்டே மீசையிடம் ஏதோ கேட்டார். அக்காவுக்கு அது விழவில்லை. மீசை சட்டென்று தலையாட்டினான். “ஆமா சார்.”

மேனேஜர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். “தெரியுமா? அக்காவுக்குக் கேக்காதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

மீசையின் கண் மேனேஜரின் வாயில் இருந்தது. “இல்ல சார், இல்ல,” என்று அவசரமாக மாற்றினான். ஒரு சின்னச் சிரிப்பு வேறு.

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் தலையாட்டல் அவளுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பும் தெரியும். கேள்வி என்னவென்று தெரியாமல், எதிராளியின் முகம் சுருங்காமல் இருந்தால் போதும் என்று ஆட்டுகிற தலை அது. சாப்பாட்டு மேஜையில் அவள் தினமும் ஆட்டுகிற தலை.

அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. யோசிக்கவே இல்லை. கையில் இருந்த கடிதத்தைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் சொன்னாள்:

“மீசை, நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராதே.”

“சரிக்கா,” என்றான் மீசை.

மேனேஜர் டிராயரை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்த மீசை, அக்காவின் முகத்தைப் பார்த்தான். ஏதோ தப்பாகிவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்றுதான் தெரியவில்லை.

“என்னக்கா? என்ன சொன்னீங்க?”

கடிதத்தை இறக்கினாள். “ஒண்ணுமில்ல, விடு,” என்றாள்.

அது அவள் வாயிலிருந்துதான் வந்தது. தானாக வந்தது. அதைப் படித்ததும் மீசையின் முகத்தில் எதுவோ அடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். வெளியிலிருந்து அது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. செருப்பால் அடித்ததுபோல இருந்தது.

எழுந்து அவனுக்கு எதிரே போய் நின்றாள். உள்ளங்கையைக் கவிழ்த்து முன்னால் ஒரு தாண்டு. மேலுதட்டில் விரல். பிறகு கையைக் குறுக்கே ஆட்டினாள். வாயாலும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “நாளையிலேர்ந்து நீ வராதேன்னு சொன்னேன். நீ சரின்னே.”

மீசை நின்றுகொண்டிருந்தவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

“எவ்வளவு நாளா?” என்றார் மேனேஜர், அவனை நேராகப் பார்த்து.

“நாலு வருஷம் சார்.” என்றான் மீசை. “டெஸ்ட் எடுக்கற பொண்ணு மூக்குக்கண்ணாடி போட்டிருக்கும். சத்தம் அனுப்பறப்போ மெஷின்ல ஒரு லைட் எரியும், அது கண்ணாடியில தெரியும்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, வயிறும் எரிந்தது. உலகத்திலேயே அவள் ஒருத்திதான் அந்தப் பெண்ணை அப்படி உற்றுப் பார்த்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே!

“அப்ப அன்னைக்கு நான் சரின்னது உனக்குக் கேக்கவே இல்ல,” என்றாள்.

“ஏதோ கரகரன்னுச்சு. நீங்க எப்பவும் சரின்னுதானே சொல்வீங்க.”

“கேட்டீங்களா சார்?” அக்கா மேனேஜர் பக்கம் திரும்பினாள். இப்போது அவளுக்குப் பயம் போய்விட்டிருந்தது. கோபம் மட்டும் இருந்தது. “மூணு வாரமா நான் சரின்னேன், இவன் சரின்னான். மத்த ஆறு பேரும் என்னத்துக்குச் சரின்னாங்களோ. நான் ஏமாத்தினது தப்புதான், என்ன வேணா பண்ணுங்க. ஆனா எங்க கையைக் கட்டிட்டு மைக்கைக் குடுத்தீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டேனே,” என்றார் மேனேஜர். “எல்லாரும் தலையாட்டினீங்க.”

அக்காவும்தான் ஆட்டியிருந்தாள்.

அடுத்த வாரம் டெஸ்ட் வண்டியைத் திரும்ப வரவழைத்தார்கள். இந்தத் தடவை கண்ணாடி அறைக்குள் நாற்காலி சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு கையில் பொத்தானோடு உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று அவள் காத்துக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண் கதவைத் திறந்து, பாதி டெஸ்ட் முடிந்துவிட்டது, பொத்தான் வேலை செய்கிறதா என்று கேட்டாள். வேலை செய்தது. எட்டுப் பேரில் ஐந்து பேர் தேறவில்லை. ஒருத்தர் அந்தப் பெண்ணின் பேனா அசைவதைப் பார்த்திருக்கிறார், இன்னொருத்தர் மனசுக்குள் எண்ணிக்கொண்டே அமுக்கியிருக்கிறார். ஐந்து பேரைக் காலிப் பெட்டிக்கு அனுப்பினால் லைனை யார் ஓட்டுவது? மேனேஜர் இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் காதுக் கிண்ணங்கள் இருந்தன, மைக்குகள் போயின. ஒவ்வொரு மெஷின் மேலும், ஏதாவது கோளாறென்றால் எரிய ஒரு சிவப்பு விளக்கு வந்தது. கைகள் திரும்பி வந்தன. ஒரே ஒரு விதி அக்கா போட்டது: லைனில் யாரும் சரி என்று தலையாட்டக்கூடாது. என்ன புரிந்ததோ அதைத் திருப்பிக் கையால் காட்ட வேண்டும். முஷ்டி விரிந்தால் முஷ்டியை விரித்துக் காட்டு, இருபத்தைந்து என்றால் இருபத்தைந்து என்று காட்டு. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று காட்டு, மானம் ஒன்றும் போகாது. அவளுக்கு லைனைத் திருப்பிக் கொடுத்தார்கள், மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று எழுதி. ஏமாற்றியதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் சேர்ந்து வந்தது.

மற்றபடி எல்லாம் இனிதாக முடிந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அவளோடு ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். காதில் கருவி மாட்டினார்கள். கரண்டி தட்டில் படுகிற சத்தம் மண்டையைப் பிளக்கிறது, காகிதப் பை கசங்கினால் துள்ளிவிடுகிறாள், மகள் பேசுவது மட்டும் இன்னும் அரைகுறை. பழகணும் என்கிறார்கள். எத்தனை நாள் என்று கேட்டால் பதில் இல்லை. வீட்டிலும் விதி போட்டாள்: கூப்பிட்டுவிட்டு, முன்னால் வந்து நின்று, வெளிச்சத்தில் பேசு. கணவர் ஒழுங்காக வந்து நிற்பார். நின்றதும், என்ன சொல்ல வந்தோம் என்று மறந்துபோய் முழிப்பார். “யோசிச்சுச் சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். சில நாள் அவருக்கு ஞாபகம் வரும். பெரும்பாலும், வாசலில் பூனை வந்தது என்கிற மாதிரி ஏதோ ஒன்றாக இருக்கும். அவளுக்கு அதுவும் வேண்டியிருந்தது.

மீசைதான் அவளோடு பேசவில்லை. அவனும் தேறாதவர்களில் ஒருத்தன், அவனும் லைனில்தான் இருந்தான். ஆனால் மேனேஜருக்கு முன்னால் அவனை அப்படிக் காட்டிக் கொடுத்தது அவனுக்குள் ஆறவில்லை. வேலைக்கு வேண்டிய கைகள் மட்டும் காட்டுவான். முஷ்டி, திருகல், எண்ணிக்கை. கிண்டல் கிடையாது, முழங்கை தட்டுவது கிடையாது. டீ வந்ததைக்கூட அவளுக்கு வேறு யாரோதான் காதுமடலை இழுத்துச் சொன்னார்கள். அந்தக் கைப்பேச்சில் மன்னிப்புக்கு ஓர் அடையாளம் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்து மூன்று வருஷத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையா? டீக்கு ஓர் அடையாளம், மேனேஜருக்கு ஓர் அடையாளம், இதற்கு இல்லை. வாயால் கேட்கலாம் என்று ஒரு நாள் அவன் எதிரில் போய் நின்றாள். அவன் மெஷினைத் துடைக்கப் போய்விட்டான்.

கைகள் திரும்பி வந்த பதினோராம் நாள் ஷிப்ட் முடிந்து பெல்ட் நின்றது. எல்லாரும் காதுக் கிண்ணங்களைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மீசை பெல்ட்டுக்கு அந்தப்பக்கம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவன், நின்று திரும்பினான். சத்தமே இல்லை, வாயாலேயே பேசியிருக்கலாம். அவன் கையைத் தூக்கினான். உள்ளங்கையைக் கவிழ்த்து முன்னால் ஒரு தாண்டு. மேலுதட்டில் ஒரு தடவு. பிறகு இரண்டு கையையும் விரித்து அவளைப் பார்த்தான்.

நாளைக்கு, நான், வரட்டுமா?

முகத்தில் சிரிப்பு இல்லை. கிண்டலா, நிஜமாகவே கேட்கிறானா என்று அவளால் படிக்க முடியவில்லை. அந்தப் பாழாய்ப்போன மீசை பாதி முகத்தை மறைத்திருந்தது.

அவள் தலையாட்டவில்லை. கையில் இருந்த காதுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நாளைக்கு, என்று காட்டினாள். நீ, என்று மேலுதட்டைத் தடவிக் காட்டினாள். பிறகு வா என்று கையைத் தன் பக்கம் இழுத்தாள். அவன் திருப்பிக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததால், விட்டுவிடாமல் மறுபடி முதலிலிருந்து காட்டினாள்.